ஒரே தாயின் வாழைக் கன்றுகள் ஒன்றாகச் சாவது ஏன்?

கேள்வி: இரண்டு ஏக்கர் ரஸ்தாளி, ஐந்தாம் மாதம். கீழ் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து தொங்குகின்றன. அடித்தண்டு வெடிக்கிறது. கிழங்கை வெட்டினால் செம்பழுப்புக் கோடுகள். என்ன மருந்து ஊற்றலாம்? அடுத்த முறை திசு வளர்ப்புக் கன்று வைத்தால் நோயே வராது என்கிறார் கடைக்காரர். உண்மையா? (லால்குடி வட்டார விவசாயி)

பதில்: இது வாடல் நோய். கிழங்குக்குள் பூசணம் ஏறிய மரத்தை எந்த மருந்தும் மீட்காது. ஊற்றுகிற காசு கடைக்காரருக்குத்தான்.

திசு வளர்ப்புக் கன்று ஆய்வகத்தை விட்டு வரும்போது சுத்தமாக இருக்கும், அது உண்மை. 'நோயே வராது' என்பது பச்சைப் பொய். அதுவும் அதே ரஸ்தாளியின் அச்சுதானே? உங்கள் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும் பூசணம் அதையும் பிடிக்கும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, ஏன் எல்லா மரமும் ஒன்றாகச் சாகிறது என்பதை. காட்டு வாழையில் கருப்பாகக் கெட்டியான விதை இருக்கும். ரஸ்தாளிக்கு மூன்று தொகுதி குரோமோசோம் (மரபைச் சுமக்கும் இழைகள்), அதனால் விதை பிடிக்காது. தலைமுறை தலைமுறையாகப் பக்கக்கன்றுதான். எப்போதாவது ஒரு திரிபு வரும், அவ்வளவே. பூசணம் அப்படி நிற்பதில்லை, மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு பூட்டுக்குச் சாவி செய்துவிட்டால் தோப்பு முழுக்கத் திறந்துவிடுகிறது.

விதை என்றால் ஆணும் பெண்ணும் சேர்வது. ஆனால் ஆண் என்று ஒன்றைப் பெற்று வளர்ப்பது இயற்கைக்குப் பெரிய செலவு. ஆணில்லாமல் பெண்ணே பெண்ணைப் பெற்றால் இரண்டு மடங்கு வேகமாகப் பெருகலாம். அப்படியிருந்தும் பெரும்பாலான உயிர்கள் ஆணும் பெண்ணும் சேர்ந்தே பெற்றுக்கொள்வதற்கு ஒட்டுண்ணிகள் ஒரு முக்கியக் காரணம் என்பது வலுவான விளக்கம். சேர்ந்து பெற்றால் பிள்ளைக்குப் பிள்ளை பூட்டு மாறும், ஒரே சாவி எல்லாவற்றையும் திறக்காது. நியூசிலாந்து ஏரிகளில் ஒரு சின்ன நத்தை உண்டு. புழு ஒட்டுண்ணி மிகுந்த இடங்களில் ஆண் பெண் சேரும் நத்தைகள் அதிகம். குறைந்த இடங்களில் ஆணில்லாமல் பெருகுபவை அதிகம்.

நாம் வாழைக்கு அந்தச் சேர்க்கையையே நிறுத்திவிட்டோம். மத்திய அமெரிக்காவின் குரோ மிஷேல் என்ற வாழை ரகத்தின் ஏற்றுமதித் தோட்டங்களை 1950-60களுக்குள் இதே வாடல்தான் ஒழித்தது. பதிலுக்கு வந்த கேவண்டிஷ் ரகத்தை இப்போது அந்தப் பூசணத்தின் டிஆர்4 என்ற புதிய வகை கொல்கிறது. அதனால்தான் சொல்கிறேன், ஊர் முழுக்க ஒரே ரகம் வைக்காதீர்கள். விதையுள்ள வாழையோடு கலப்பு செய்து ரகம் உருவாக்கும் ஆராய்ச்சிக்குக் கூடுதல் பணம் கேளுங்கள். மருந்து மானியத்தைவிட அது அவசியம்.

சரி, இப்போது நோயுற்ற மரங்களைக் கிழங்கோடு தோண்டி அழித்து, குழியில் சுண்ணாம்பு போடுங்கள். அந்த இடத்துப் பாசனத் தண்ணீர் அடுத்த வரப்புக்குப் போகக் கூடாது. ஒன்றிரண்டு போகம் நெல் போட்ட பிறகு பூவன் வையுங்கள். அது இந்த நோயைத் தாங்கும். அதுவும் பக்கக்கன்றில் வளர்வதுதான் என்பதால் பூவன் மட்டுமே வேண்டாம். மண்வெட்டியைக் கழுவாமல் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுக்காதீர்கள்.