ஜட்டியில் மலம் கசிவது பிடிவாதமா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. கழிவறைக்குப் போகப் பழகி மூன்று வருடம் ஆகிறது. சில மாதங்களாக ஒரு நாளைக்கு நான்கைந்து முறை ஜட்டியில் தண்ணீராகக் கசிந்திருக்கிறது. கேட்டால், “எனக்குத் தெரியவே இல்லை” என்கிறான். வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுத்தோம், நிற்கவில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு மலச்சிக்கல் என்றார். பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் சரியானதும் நிறுத்திவிட்டோம். இப்போது மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. வேண்டுமென்றே செய்கிறானா? பவுடரை நீண்ட நாள் கொடுத்தால் பழக்கமாகிவிடாதா?

பதில்: உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. முதலில் இதை நீங்கள் நம்ப வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மலக்குடலில் மலம் வந்து சேர்ந்ததும் அதன் சுவர் விரிகிறது. அந்த விரிவைத்தான் மூளை ‘போக வேண்டும்’ என்று உணர்கிறது. வாரக்கணக்கில் மலம் தேங்கிக் கிடந்தால் குடல் விரிந்தபடியே இருந்துவிடும், உணர்வும் மழுங்கிப்போகும். தேங்கியது கல்லாக இறுகிக் கிடக்க, மேலிருந்து வரும் இளகிய மலம் அதன் ஓரமாக வழிந்து தானாகக் கசிகிறது. பார்ப்பவர்களுக்கு அது வயிற்றுப்போக்கு போலத் தெரியும். இந்த நிலையில் பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். எந்நேரமும் கூடவே இருப்பதால் அந்த வாடையும் அவன் மூக்குக்குப் பழகிவிடும். “இவ்வளவு நாறுகிறதே, உனக்குத் தெரியவில்லையா?” என்று கேட்பதில் பயனில்லை.

பெரும்பாலும் இது ஒரே ஒரு முறை வலித்ததில்தான் தொடங்கியிருக்கும். கெட்டியாகப் போய் ஆசனவாயில் சிறு வெடிப்பு வந்திருக்கலாம். பள்ளிக் கழிவறை பிடிக்காமல் அடக்கியிருக்கலாம். அடக்க அடக்கக் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மலம் இன்னும் கெட்டியாகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். பிள்ளை மூலையில் போய் நின்று, கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் எழும்பி, முகம் சிவந்து நிற்பதைப் பார்த்து ‘பாவம், முக்குகிறான்’ என்று நினைப்போம். பல நேரம் அவன் முக்குவதில்லை, உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

இனி பவுடர். இது குடலைத் தூண்டிவிடும் மருந்து அல்ல. உடலில் ஏறக்குறைய சேர்வதே இல்லை. குடலுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குகிறது, பிறகு வெளியே போய்விடுகிறது. குடல் இதற்கு அடிமையாவதில்லை. இரண்டு வாரத்தில் தேங்கியது வெளியேறியிருக்கும். ஆனால் விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்கியிருக்காது. அதனால்தான் திரும்பி வந்தது. குழந்தைகள் குடல்நல வழிகாட்டுதல்கள் குறைந்தது 2 மாதம் தொடரச் சொல்கின்றன. அதன் பிறகும் தொந்தரவு எதுவும் இல்லாமல் முழுதாக ஒரு மாதம் கழிந்தால்தான், அதுவும் படிப்படியாக, குறைக்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். ‘நன்றாக இருக்கிறானே’ என்று நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

மறுபடி மருத்துவரிடம் போங்கள். முதல் சில நாட்கள் கூடுதல் அளவு கொடுத்துத் தேக்கத்தை வெளியேற்றச் சொல்லலாம். எடையை வைத்து அவர்தான் அளவு சொல்ல வேண்டும். அந்த நாட்களில் கசிவு இன்னும் அதிகமாகும், பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள். முடிந்தால் பள்ளி விடுமுறையில் தொடங்குங்கள். சொன்ன அளவு தண்ணீரில் பவுடரை முழுதாகக் கரையுங்கள். அந்தத் தண்ணீரை அன்றாடம் குடிக்கும் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டிலேயே எனிமா கொடுப்பது, சோப்புத் துண்டு வைப்பது எல்லாம் வேண்டாம். ஏற்கெனவே வலிக்குப் பயந்த பிள்ளை அது.

மருந்துக்குச் சமமான இன்னொரு வேலை, கழிவறையில் உட்காரப் பழக்குவது. சாப்பிட்ட பிறகு குடல் இயல்பாகவே அசையும். காலையிலும் இரவிலும் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் 5 முதல் 10 நிமிடம் உட்கார வையுங்கள். கால்கள் தொங்கக் கூடாது. பாதத்துக்குக் கீழே முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி, சற்று முன்னால் சாய்ந்து உட்காரட்டும். சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள். ஊதும்போது வயிறு தானாக அழுந்தும். மலம் வந்தால்தான் பாராட்டு என்று வைக்காதீர்கள். உட்கார்ந்தாலே பாராட்டுங்கள், ஏனென்றால் அது ஒன்றுதான் அவன் கையில் இருக்கிறது.

சாப்பாட்டில் பழம், காய், பருப்பு, தண்ணீர் வயதுக்கேற்ற அளவில் போதும். அடைத்துக் கிடக்கும் குடலில் நார்ச்சத்தைத் திணித்தால் உப்புசம்தான் மிஞ்சும். பாலே சாப்பாடு என்று இருந்தால் குறையுங்கள்.

கசிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, தோல் சிவந்திருந்தால் துத்தநாக ஆக்சைடு கிரீம் தடவுங்கள். உடை மாற்றிக்கொள்ள அவனே பழகட்டும். ஆனால் தண்டனையாக ஜட்டியைத் துவைக்க வைக்காதீர்கள். திட்டுக்குப் பயந்து அழுக்கு ஜட்டியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

ஒரு சிலருக்கு மட்டும் வேறு நோய் இருக்கும். பிறந்து 48 மணி நேரம் கழித்துத்தான் முதல் மலம் போனதா, முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886-இல் விவரித்த நோய் அப்படித்தான் வெளிப்படும். அதில் குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்களே இருக்காது. எடை ஏறாமல் இருப்பது, மலத்தில் ரத்தம், நடையில் மாற்றம், கால் பலவீனம் இருந்தாலும் தாமதிக்காதீர்கள். பச்சை நிறத்தில் வாந்தியோ, வயிறு ஊதிக் கடும் வலியோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு நோட்டில் தினமும் குறித்து வாருங்கள்: எத்தனை முறை போனான், எப்படி இருந்தது, கசிந்ததா, எவ்வளவு பவுடர். மலத்தின் தன்மையைக் குறிக்க, 1 முதல் 7 வரை வகை பிரித்த பிரிஸ்டல் அட்டவணைப் படம் உதவும். 1, 2 என்றால் கெட்டி. 4 என்றால் வழவழப்பாக, மிருதுவாக, நமக்கு வேண்டியபடி இருக்கிறது என்று அர்த்தம். பெரிதாக மலம் போகாமல் கறை மட்டும் பட ஆரம்பித்தால் மறுபடி அடைகிறது. தினமும் தாராளமாகப் போய், அதோடு தண்ணீராகவும் இருந்தால் மருந்து கூடிவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர் என்பதால், நீங்களாக அளவை மாற்றுவதற்கு முன் அந்த நோட்டை மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டுங்கள்.