மஞ்சள் பூசினால் ஃபிலிம் ஆகிவிடுமா? – வாசகர் கேள்வி பதில்

குறும்படத்தில் 1970-களில் நடக்கும் ஃப்ளாஷ்பேக். காட்சிக்கு மஞ்சள் ஏற்றி, கோடுகளும் ஓடவிட்டேன். பழைய படம் மாதிரி வரவில்லை. மொபைல் ஆப் எஃபெக்ட் மாதிரிதான் இருக்கிறது. – வாசகர், திண்டுக்கல்

மஞ்சளாகிப் போவது வீட்டு ஆல்பத்துக் காகிதம். தியேட்டரில் ஓட்டும் ஃபிலிம் பிரதியான சினிமா பிரிண்ட் அப்படிப் பழசாவதில்லை. கலர் பிரிண்டில் சயான் (நீலப்பச்சை), மெஜந்தா (கருஞ்சிவப்பு ரோஸ்), மஞ்சள் என்று மூன்று சாயங்கள். அந்தக் கால ஈஸ்ட்மென் கலர் பிரிண்டை டப்பாவில் போட்டு இருட்டில் வைத்திருந்தாலும் சயான் முதலில் வெளுக்கும், அதன் பின்னாலேயே மஞ்சளும் போகும். மெஜந்தா மட்டும் தங்கிவிடும். அதனால்தான் பழைய பிரிண்ட் ரோஸ் நிறத்தில் தெரிகிறது. மரம் பழுப்பாகிறது, கறுப்பு முடிகூடச் செம்மை ஏறி நிற்கிறது.

எடிட்டிங் மென்பொருளில் ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் கோடு வளைத்து மாற்றும் கர்வ்ஸிலேயே இதைச் செய்யலாம். சிவப்புக் கோட்டின் அடிமுனையை 15 முதல் 20 சதவீதம் வரை மேலே தூக்குங்கள். சயான் போன இடத்தில் சிவப்பு ஒளி கசிவதற்குச் சமம் இது. நீலத்தின் அடிமுனைக்கு 5 சதவீதம் போதும். பச்சையைத் தொடாதீர்கள்.

இருந்தாலும் ஒன்று யோசியுங்கள். 1970-களில் தியேட்டருக்குப் போனவர்கள் வெளுத்த பிரிண்டையா பார்த்தார்கள்? வெளுப்பு பிரிண்டின் வயது, கதை நடக்கும் வருடமல்ல. ஃப்ளாஷ்பேக்குக்குப் பளிச்சென்ற, நிறம் அடர்ந்த படம்தான் பல சமயம் பொருத்தம்.

கோடுகளுக்கு வருவோம். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறித் துள்ளும் கோடு எந்தப் ப்ரொஜக்டரிலும் வராது. நிஜக் கோடு, ஏதோ ஒரு துணுக்கு உராய்ந்துகொண்டே இருப்பதால் வருவது. ஏறக்குறைய ஒரே இடத்தில், லேசாக ஆடியபடி, சில விநாடி ஓடும். கலர் பிரிண்டில் மேல் அடுக்கு மெஜந்தா. அதை மட்டும் சுரண்டினால் பச்சைக் கோடு, இன்னும் ஆழமாகப் போனால் மஞ்சள், எல்லாம் போனால் வெள்ளை. பின்பக்கக் கீறல் கறுப்பாக விழும். தூசிக்கும் கணக்கு உண்டு: நெகட்டிவில் ஒட்டியது திரையில் வெள்ளைப் புள்ளி, பிரிண்டில் ஒட்டியது கறுப்புப் புள்ளி, இரண்டும் ஒரே ஒரு ஃப்ரேம்தான் நிற்கும். ஐந்து விநாடி ஸ்கிராட்ச் கிளிப்பைத் திருப்பித் திருப்பி ஒட்டினால் மூன்றாவது சுற்றில் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

கீறல் அதிகம் சேர்வது ரீலின் தலையிலும் வாலிலும். 2000 அடி ரீல் சுமார் 22 நிமிடம். ரீல் மாறும் இடத்தைக் காட்ட ஆசையிருந்தால், மேல் வலது மூலையில் நான்கு ஃப்ரேமுக்கு ஒரு வட்டப் புள்ளி வையுங்கள்: முடிவதற்கு 8 விநாடி முன்பு ஒன்று, 1 விநாடி முன்பு இன்னொன்று.

மொபைலில் 60 ஃப்ரேமில் எடுத்ததை 24-க்கு மாற்றினேன். வெட்டி வெட்டி ஓடுகிறது. – வாசகர், ஈரோடு

60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. ஒரு முறை இரண்டாவது ஃப்ரேம், அடுத்த முறை மூன்றாவது என்று எடிட்டர் பொறுக்குவதால் நடை சீராக இருக்காது. ஒவ்வொரு ஃப்ரேமும் பெரும்பாலும் 1/120 விநாடியோ அதைவிடக் குறைவாகவோ பதிவானது என்பதால் கை வீச்சில் மங்கலும் இல்லை. எடுத்தாகிவிட்டது என்றால், வேகத்தை 40 சதவீதமாக்கி ஸ்லோமோஷனாக மட்டும் பயன்படுத்துங்கள். அது சுத்தமாக வரும்.

அடுத்த முறை 24 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிட்டு எடுங்கள். 1/48-தான் புத்தகக் கணக்கு. ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; டியூப்லைட் வெளிச்சம் துடிக்காமல் இருக்க 1/50 நல்லது. வெயிலில் இந்த ஷட்டருக்கு மொபைல் தாங்காது. எஃப் 1.8 லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 50 என்றால் உச்சி வெயிலுக்கு 1/4000 கேட்கும். அதை 1/50-க்கு இறக்க ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதி) குறைக்க வேண்டும். ஒளியைக் குறைக்கும் என்.டி. 64 ஃபில்டர் வாங்குங்கள். கேமராவைத் திருப்பும்போது நிதானம்: திரையின் ஒரு ஓரத்தில் இருக்கும் பொருள் மறு ஓரம் போய்ச் சேர ஏழு விநாடி ஆகட்டும்.

டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் ‘கோடாக் 2383’ லட் (நிறத்தை மாற்றும் தயார் அட்டவணை) போட்டால் நிழல் எல்லாம் கரியாகிறது, முகம் செங்கல் நிறம் ஆகிறது. கேமராவில் சாதாரண ப்ரொஃபைலில்தான் எடுத்தேன். – வாசகர், நாகர்கோவில்

லட் சரி, கொடுத்த இடம்தான் தவறு. 2383 என்பது கோடாக்கின் பிரிண்ட் ஃபிலிம். நெகட்டிவிலிருந்து வரும் சப்பென்ற படத்துக்கு கான்ட்ராஸ்ட் ஏற்றுவது அதன் வேலை. ரிசால்வில் இருக்கும் அந்த லட் எதிர்பார்ப்பது சினியான் லாக் என்ற கணக்கில் வரும் படத்தை. அதில் 0 முதல் 1023 வரையுள்ள படிகளில் கறுப்பு 95-லும் வெள்ளை 685-லும் உட்கார்ந்திருக்கும். உங்கள் கேமராவோ கான்ட்ராஸ்ட்டை ஏற்கெனவே ஏற்றிக் கொடுத்துவிட்டது. இரண்டாம் முறை ஏற்றினால் கரிதான்.

லட்டுக்கு முன்னால் ஒரு நோட் (நிறத் திருத்தத்தின் ஒரு படி) சேர்த்து, அதில் ஒரு நிறக் கணக்கை இன்னொன்றாக மாற்றும் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் போடுங்கள். இன்புட் ரெக். 709 (சாதாரண வீடியோவின் நிற அளவுகோல்), காமா (வெளிச்ச வளைவு) 2.4. அவுட்புட் ரெக். 709, காமா ‘சினியான் ஃபிலிம் லாக்’. டோன் மேப்பிங் வேண்டாம். அதற்கு அடுத்த நோட்டில் லட். சோனி கேமராவின் எஸ்-லாக் 3-ல் எடுத்தவர்கள் இன்புட்டில் தங்கள் கேமராவின் கேமட்டையும் (நிற எல்லை) காமாவையும் கொடுத்தால் போதும்.

இங்கே பலர் இன்னொரு குழியில் விழுகிறார்கள். லட் தூக்கலாக இருக்கிறதென்று அந்த நோட்டின் கீ அவுட்புட்டை (அதன் பலம்) 0.6-க்கு இறக்குவார்கள், உடனே படம் பால் ஊற்றியது போல் வெளுக்கும். காரணம், மீதி 0.4 பங்கில் கலப்பது உங்கள் அசல் படமல்ல, சப்பையான லாக் படம். டிரான்ஸ்ஃபார்ம், லட் இரண்டையும் ஒரே காம்பவுண்ட் நோட்டாகக் கட்டிவிட்டு, அதன் கீயைக் குறையுங்கள். அப்போது அசல் படத்தோடு கலக்கும்.

நிறத்துக்கும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன். பாதி ஃபிலிம் தோற்றம் இதில்தான் இருக்கிறது. ஃபிலிமில் நிறம் கூடக் கூடச் சாயம் அடர்ந்து ஒளியை மறைக்கும், நிறம் ஆழமாகும். சாச்சுரேஷன் பட்டனைத் திருகினாலோ சிவப்புப் புடவை நியான் போர்டு மாதிரி எரியும். தனி நோட் ஒன்றில் வலது க்ளிக் செய்து கலர் ஸ்பேஸை எச்.எஸ்.வி. (நிறம், செறிவு, பிரகாசம் என்ற மூன்று சேனல்) ஆக்குங்கள். சேனல் 1, 3 இரண்டையும் அணைத்துவிட்டு கெயினை 1.2 வரை ஏற்றுங்கள். அதே புடவை அரக்குச் சிவப்புக்கு இறங்கும்.

விளக்கைச் சுற்றிச் சிவப்பு ஒளிவட்டம் வருகிறதே, அதற்கு பிளாக் மிஸ்ட் ஃபில்டர் வாங்கினால் போதுமா? – வாசகி, கோவை

போதாது. மிஸ்ட் ஃபில்டர் ஒளியை அதன் சொந்த நிறத்திலேயே பரப்பும். நீங்கள் சொல்லும் சிவப்புக்குப் பெயர் ஹாலேஷன். பலமான ஒளி ஃபிலிமைத் துளைத்துப் போய், பின்சுவரில் மோதித் திரும்பும்போது முதலில் சந்திப்பது அடியில் இருக்கும் சிவப்பு அடுக்கை. அதனால்தான் செம்மை. இதைத் தடுக்கவே சினிமா நெகட்டிவின் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு நெடுங்காலமாக இருந்தது. இணையத்தில் நீங்கள் பார்க்கும் கொழுத்த சிவப்பு வட்டம், அந்தப் பூச்சை நீக்கி விற்கும் ஸ்டில் ஃபிலிமில் எடுத்த படங்களுடையது. சினிமாத் தோற்றம் வேண்டுமென்றால் அடக்கி வாசியுங்கள்.

காசு கட்டிய ரிசால்வ் ஸ்டூடியோவில் ஹாலேஷன் எஃபெக்டாகவே கிடைக்கும். இலவசப் பதிப்பில் இப்படி: படத்தை இன்னொரு அடுக்காக வைத்து, மிகப் பிரகாசமான பகுதியை மட்டும் பிரித்து, மங்கலாக்கி, ஆரஞ்சு கலந்த சிவப்பு ஏற்றி, ஸ்க்ரீன் முறையில் மேலே கலக்க வேண்டும். வட்டம் படத்தின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அது ஹாலேஷன் இல்லை, திருவிழா சீரியல் லைட்.

மிஸ்ட் ஃபில்டரும் வேண்டுமென்றால் 1/8 வலிமை வாங்குங்கள். ராத்திரிக் காட்சியில் 1/4 கொடுக்கும் புகைமூட்டத்தை எந்த கிரேடிங்கிலும் எடுக்க முடியாது.

ஃபிலிமின் துகள் போன்ற கிரெய்ன் என் கம்ப்யூட்டரில் அழகாக இருக்கிறது. யூடியூபில் ஏற்றியதும் கட்டம் கட்டமாகிவிடுகிறது. – வாசகர், யாழ்ப்பாணம்

முந்தைய ஃப்ரேமிலிருந்து அடுத்ததை ஊகித்துத்தான் வீடியோவைச் சுருக்குகிறார்கள். கிரெய்ன் ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிது, ஊகிக்க வழியில்லை. கிடைக்கும் பிட்ரேட்டை (விநாடிக்கான டேட்டா அளவு) எல்லாம் அதுவே தின்றுவிட, முகத்துக்கு மிஞ்சுவது கட்டங்கள்.

1080-ல் எடுத்திருந்தாலும் டைம்லைனை 4கே ஆக்குங்கள். யூடியூப் அதற்கு அதிக பிட்ரேட் தரும். பெரிதாக்கிய பிறகு கிரெய்ன் சேருங்கள். ஒரு பிக்சல் அளவுக் கிரெய்ன்தான் முதலில் சாகும், 4கே-யில் இரண்டு மூன்று பிக்சல் வைத்துக்கொள்ளலாம். நடுத்தர வெளிச்சத்தில் தெரியட்டும். வெள்ளையிலும் அடர் கறுப்பிலும் குறையுங்கள். எச்.264-ல் 80 எம்.பி.பி.எஸ்.-க்குக் குறையாமல் ஏற்றுமதி செய்யுங்கள். கடைசியில் போடும் எஃபெக்டுகளின் வரிசையும் முக்கியம்: முதலில் லேசாக மங்கலாக்குவது, பிறகு ஹாலேஷன், பிறகு கிரெய்ன். கிரெய்னுக்கு மேல் மங்கலாக்கினால் சேறுதான் மிஞ்சும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கென்றால் கிரெய்னே வேண்டாம்.

பெற்றோரின் பழைய வீட்டு வீடியோ போல சூப்பர் 8 (வீடுகளில் எடுத்த 8 மி.மீ. ஃபிலிம்) தோற்றம் கொண்டுவர? – வாசகி, சிங்கப்பூர்

வேகம் 18 ஃப்ரேம். அதைத் தனி டைம்லைனில் வைத்து, ஃப்ரேம் பிளெண்டிங்கை அணைத்துவிட்டு 24-க்குள் கொண்டுவாருங்கள். படம் 4:3-ஐ ஒட்டிய சட்டகம், மூலைகள் மழுங்கியவை. 1080-ல் இரண்டு முதல் நான்கு பிக்சல் வரை ஆடலாம். ஒவ்வொரு ஷாட்டின் முதல் ஓரிரு ஃப்ரேமை வெளுக்க விடுங்கள். மோட்டார் வேகம் பிடிப்பதற்குள் விழுந்த வெளிச்சம் அது. ஓரத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தால் அது ஷாட் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும். 50 அடி கார்ட்ரிட்ஜ் 3 நிமிடம் 20 விநாடியில் தீர்ந்துவிடும் என்பதால் யாரும் நீட்டி முழக்கி எடுக்கவில்லை. ஒரு ஷாட்டுக்கு ஐந்தாறு விநாடிக்கு மேல் கொடுக்காதீர்கள்.