ரோஸ் அரளி திட்டாக விழுவது ஏன்?

வணக்கம் நண்பரே. வேலூர்க் கோட்டை மதில் பின்னணியில் எடுத்த ரோஸ் அரளியில் இதழ் வரியே தெரியாமல் ஒரே திட்டாக வருகிறது, ஃபோகஸ் பிரச்சினையா என்று கேட்டிருந்தீர்கள். ஃபோகஸ் காரணமாக இருக்காது. கேமரா படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களாகப் பதிகிறது. ரோஸ் நிறத்தில் சிவப்பு சேனல்தான் முதலில் நிரம்பி வழியும், அங்கே இதழ் வரி அழிந்துவிடும். கருங்கல்லும் கரும்பச்சை இலையும் பிரேமை அடைத்துக்கொண்டால் கேமரா வெளிச்சத்தைத் தானாகவே கூட்டி, அதை இன்னும் கெடுக்கும்.

சாதாரண ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் மொத்த வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை, நம்பாதீர்கள், அதில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் மூவண்ண ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டுவது நிற்கும் வரை எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா தானாக வைக்கும் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) -0.7, தேவைப்பட்டால் -1 வரை இறக்குங்கள். கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபைலாக எடுங்கள். பிக்சர் ஸ்டைல், நிறத்தைத் தூக்கிக்காட்டும் 'விவிட்'டில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வெளிச்சத்தின் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை வெயிலில் 5200 கெல்வின், நிழலில் 7000 என்று நீங்களே வையுங்கள். ஆட்டோவில் விட்டால் நிழலில் ரோஸ் ஊதாவாகச் சாயக்கூடும்.

நம்மூர் வெயிலுக்குக் காலை 8 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்குமேல் என்றால் பூவுக்கு மேலே வெள்ளைக் குடை பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இலைப் பளபளப்பைக் குறைக்க, லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் போதும். மதிலும் தெளிவாக வேண்டுமானால் லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப் 11, காற்றடித்தால் ஷட்டர் 1/250க்குக் குறையாமல். கோணத்துக்காகக் கிளையை மட்டும் ஒடிக்காதீர்கள், அரளிப் பால் நஞ்சு.