ஜெனட் ரேங்கின்: சில கேள்விகள், சில பதில்கள்

அமெரிக்க காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஜெனட் ரேங்கின். அவரைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1920இல். இவர் 1916இலேயே ஜெயித்தது எப்படி?

1920 என்பது நாடு முழுவதற்குமான அரசியல் சட்டத் திருத்தம். அதற்கு முன்பே மேற்கு மாநிலங்கள் பல தாங்களாகவே ஓட்டுரிமை கொடுத்துவிட்டன. இவருடைய மொன்டானாவில் 1914இல் வந்தது. அதற்காக ஊர் ஊராகச் சுற்றிப் பேசியவரே இவர்தான் என்பதால், தேர்தலில் நின்றபோது எங்கே போனாலும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். அப்புறம் இன்னொரு வசதி. காங்கிரசின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் மொன்டானாவுக்கு இருந்த இரண்டு இடங்களுக்கும் அப்போது மாநிலம் முழுக்க ஒரே தொகுதி. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் சபைக்குப் போகலாம். குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற ரேங்கின் இரண்டாவதாக வந்தார். தம்பி வெலிங்டன் வக்கீல், அரசியல் தெரிந்தவர். பிரசாரத்தை நடத்தியதும் பணம் போட்டதும் அவர்தான்.

இரண்டு உலகப் போர்களையும் தனி ஆளாக எதிர்த்தாராமே?

பாதிதான் சரி. 1917 ஏப்ரலில் ஜெர்மனி மீது போர் அறிவிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக 373 ஓட்டு, எதிராக 50. அந்த ஐம்பதில் இவரும் ஒருவர்; பதவியேற்று நாலு நாள்தான் ஆகியிருந்தது. கூட எதிர்த்த 49 பேரும் ஆண்கள், ஆனாலும் பேச்சு முழுக்க இவரைப் பற்றித்தான். ஓட்டுரிமை இயக்கத்திலேயே சிலருக்கு வருத்தம், நம் கோரிக்கைக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டதே என்று.

தனி ஆளாக நின்றது, 1940இல் மறுபடி ஜெயித்து சபைக்கு வந்த பிறகு, 1941 டிசம்பர் 8, பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியதற்கு மறுநாள். ஜப்பானுக்கு எதிரான தீர்மானத்தில் 388க்கு 1. சபையில் கூச்சல். வெளியே கூட்டம் சூழ்ந்துகொள்ள, ஒரு டெலிபோன் அறைக்குள் புகுந்து போலீசைக் கூப்பிட வேண்டியதாயிற்று. மூன்று நாள் கழித்து ஜெர்மனி, இத்தாலி மீதான ஓட்டெடுப்புகளில் 'ஆஜர்' என்று மட்டும் பதிவு செய்தார். 1942இல் அவர் போட்டியிடவே இல்லை.

அப்படியானால் 1918இல் பதவி போனதும் போர் ஓட்டினால்தானே?

அது ஒரு காரணம். ஆனால் அனகோண்டா தாமிரக் கம்பெனியை மறந்துவிட்டு மொன்டானா அரசியலைப் பேச முடியாது. 1917 ஜூனில் பியூட் நகரச் சுரங்கத்தில் தீப்பிடித்து 168 பேர் இறந்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது ரேங்கின் அவர்கள் பக்கம் பேசினார். அந்தக் கம்பெனி மாநிலத்தில் ராஜாங்கமே நடத்திக்கொண்டிருந்த காலம் அது. இதற்கிடையே மாநிலத்தை இரண்டு தொகுதிகளாகப் பிரித்தார்கள். இவருக்கு வாய்த்தது ஜனநாயகக் கட்சி வலுவாக இருந்த பக்கம். அங்கே நிற்பதைவிட மேல் என்று காங்கிரசின் மேலவையான செனட்டுக்குப் போட்டியிட்டார். கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே தோல்வி. பிறகு ஒரு சிறிய கட்சியின் சார்பில் நின்று அதிலும் தோற்றார். என்னைக் கேட்டால், அந்த முறை அவரை வீழ்த்தியதில் போர் ஓட்டைவிடத் தொகுதி எல்லைக்கும் தாமிரத்துக்கும்தான் பங்கு அதிகம்.

போரை விட்டால் சபையில் வேறு என்ன செய்தார்?

1918 ஜனவரியில் பெண்கள் ஓட்டுரிமைத் திருத்தத்தின் மீதான விவாதத்தைத் தொடங்கி வைத்தார். 274க்கு 136 என்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் அது அப்போது தேறவில்லை. அரசின் நோட்டு அச்சகத்தில் பெண்களை அளவுக்கு மீறி வேலை வாங்குவதாகப் புகார் வந்தபோது விடாமல் துருவி, எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவரவும் வைத்தார். இதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

கல்யாணம்?

செய்துகொள்ளவில்லை.

இந்தியாவுக்கு வந்தாராமே, நிஜமா?

நிஜம்தான். காந்தியின் அகிம்சை முறையில் ஈடுபாடு கொண்டு, 1946 முதல் 1971 வரை ஏழு முறை வந்துபோனார். இடையில் 1968 ஜனவரியில், 87 வயதில், வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் சுமார் 5,000 பெண்கள் போன ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தார். 1973 மே மாதம், 93ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, கலிபோர்னியாவில் காலமானார்.