லாபம் எவ்வளவுன்னு அப்புறம் கேளுங்க சார், எந்த மாசம் பணம் வரும்னு முதல்ல கேளுங்க

வணக்கம் சார். நீங்க எழுதுனதையும் உங்க பொண்ணு போட்டு வச்சிருக்கிற பிளானையும் முழுசா படிச்சேன். டிகிரி கடைசி வருஷம், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு பேரே குடுக்கலை, ரெண்டு ஏக்கர் நிலம் சும்மாதானே கிடக்கு அதுல பத்து கறவை மாடும் கொஞ்சம் காய்கறியும் போட்டு பண்ணை வைக்கப் போறேன்னு நிக்கிறாங்க, வீட்ல ரெண்டு மாசமா சண்டை, நீங்க கடைசியா என்கிட்ட கேக்குறது ஒரே கேள்வி: இதுல லாபம் வருமா வராதா?

நேரா சொல்லிடறேன், இதுக்கு உட்கார்ந்த இடத்துல இருந்து பதில் சொல்றவங்க யாரையும் நம்பாதீங்க, வரும்னு சொல்றவரையும் சரி வராதுன்னு சொல்றவரையும் சரி. வருஷக் கடைசியில கூட்டிக் கழிச்சா லாபத்துல இருக்கிற பண்ணை நடுவுல நாலு மாசம் கையில காசு இல்லாம மூடிப்போறது ரொம்ப சாதாரணமா நடக்குது. தீவனக்காரருக்கு இந்த வாரம் பணம் குடுக்கணும், அறுவடை இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு, அவ்வளவுதான், நல்ல மாட்டை வந்த விலைக்கு வித்துடுவாங்க. அதனால பொண்ணுகிட்ட லாபத்தை பத்தி பேசறதை கொஞ்ச நாள் நிறுத்துங்க. எந்த மாசம் பணம் உள்ள வரும், எந்த மாசம் வெளிய மட்டும் போகும், அந்த மாசத்தை எதை வச்சு ஓட்டுவன்னு கேளுங்க. இதுக்கு பதில் இருந்தா மத்ததை பேசலாம்.

பிளான்ல முதல் பக்கத்துல "அஞ்சு வருஷத்துல வெற்றிகரமான மாடர்ன் பண்ணை"ன்னு எழுதியிருக்காங்க. ஆசை நல்ல ஆசை, ஆனா இதை வச்சு நாளைக்கு காலையில என்ன வேலை செய்யணும்னு முடிவு பண்ண முடியாது. இலக்குன்னா அதுல ஒரு அளவும் ஒரு தேதியும் இருக்கணும், "மூணாவது வருஷத்துல இருந்து பண்ணை செலவெல்லாம் போக மாசம் இவ்வளவு என் கைக்கு எடுத்துக்கணும், முதல் வருஷம் எதுவும் எடுக்க மாட்டேன்" அப்படின்னு எழுதினா அது இலக்கு. அந்த "இவ்வளவு"ங்கிறதை அவங்களே உட்கார்ந்து கணக்கு போடணும், சாப்பாடு துணிமணி மருந்து வண்டி பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஒரு ஆளு வாழ என்ன வேணும்னு. அதுல இருந்து பின்னாடி போங்க: அதுக்கு எத்தனை லிட்டர் பால், எத்தனை கிலோ காய், அதுக்கு எத்தனை மாடு எவ்வளவு நிலம். நிறைய பேர் தலைகீழா பண்றாங்க, பத்து மாடுன்னு ஒரு ரவுண்டு நம்பரை முதல்ல பிடிச்சுக்கிட்டு அது என்ன குடுக்குதோ அதுதான் வருமானம்னு நினைக்கிறாங்க. ஏன் பத்து, ஏன் ஆறு இல்லைன்னு கேட்டா பதில் வராது.

இப்ப அந்த மாட்டு கணக்குக்கு வரேன், ஏன்னா பிளான் உடையுற இடமே அதுதான். 10 மாடு, மாட்டுக்கு தினம் 12 லிட்டர், 365 நாள், மொத்தம் 43,800 லிட்டர்னு போட்டிருக்காங்க. கால்குலேட்டர் தப்பில்ல, ஆனா 365 எங்கிருந்து வந்துச்சு? மாடு கன்னு போட்டு சுமாரா பத்து மாசம், 305 நாள்னு கணக்கு வைப்பாங்க, அவ்வளவுதான் கறக்கும், அடுத்த கன்னுக்கு முன்னாடி 60 நாள் கறக்காம வத்த விடணும். அந்த 12 லிட்டரும் விக்கிறவர் சொல்ற உச்சக்கட்ட கறவை, கன்னு போட்ட ஆறுல இருந்து எட்டு வாரத்துல வர்றது, அப்புறம் மெதுவா இறங்கிக்கிட்டே போகும், சராசரி 10 வந்தாலே சந்தோஷம். சினை சுமார் 280 நாள், அதனால வருஷத்துக்கு ஒரு கன்னு வேணும்னா கன்னு போட்ட மூணு மாசத்துக்குள்ள திரும்ப சினை பிடிக்கணும், எல்லா மாடும் அப்படி பிடிக்காது. கன்னுக்கும் கன்னுக்கும் நடுவுல 14 மாசம் ஆயிடுச்சுன்னா அந்த 305 நாள் 14 மாசத்துக்கு ஒரு தடவைதான் வரும், வருஷத்துக்கு கறக்குற நாள் கிட்டத்தட்ட 262தான். 10 மாடு, 10 லிட்டர், 262 நாள், 26,200 லிட்டர். பிளான்ல இருக்கிறதுல அறுபது சதவீதம். நோய் கிடையாது, வறட்சி கிடையாது, யாரும் ஏமாத்தவும் இல்ல, சாதாரணமா நடக்கிறதை எழுதினாலே இவ்வளவு குறையுது.

அதைவிட பெரிய சிக்கல் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. பத்து மாட்டையும் ஒரே வாரத்துல, அப்பதான் கன்னு போட்டதா பார்த்து வாங்கப் போறாங்க. எல்லாம் ஒண்ணா கறக்கும், சரி, எல்லாம் ஒண்ணா வத்தவும் செய்யும்ல? கொட்டகை நிறைய மாடு நிக்கும், ரெண்டு மூணு மாசம் ஒரு சொட்டு பால் வராது, தீவனம் மட்டும் தினமும் போகும். இதை ஒரு மாசக் கணக்கு பேப்பர்ல எழுதிப் பார்த்திருந்தா பத்து நிமிஷத்துல கண்ணுல பட்டிருக்கும். நாலு மாட்டை முதல்ல வாங்கி, மீதியை அஞ்சாறு மாசம் கழிச்சு வாங்கினா எந்த மாசமும் சுத்தமா காலியா போகாது, அந்த அஞ்சாறு மாசத்துல கையும் பழகியிருக்கும்.

அந்த பேப்பர் எப்படி போடறதுன்னு சொல்றேன், சாஃப்ட்வேர் எதுவும் வேணாம். பெரிய தாளா எடுத்து 24 கட்டம், ரெண்டு வருஷம், ஒவ்வொரு மாசத்துக்கும் ஒண்ணு. மேல வர்ற பணம், நடுவுல போற பணம், கீழ கையில மிச்சம். மிச்சம் மைனஸ் ஆகுற கட்டத்தை எல்லாம் சிவப்பு பேனாவால வட்டம் போடச் சொல்லுங்க, அதுல பெரிய மைனஸ் எதுவோ அதுதான் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டிய ரொக்கம், கொட்டகை கட்டுற காசு மாடு வாங்குற காசு எல்லாம் போக தனியா. பிளான்ல அந்த ரொக்கத்துக்கு ஒரு வரிகூட இல்ல.

காய்கறியை சேர்க்கிறது இந்த கோணத்துல நல்ல யோசனை, அதுக்கு பொண்ணை பாராட்டணும். தக்காளி மாதிரி ஒண்ணு நாத்து நட்டு ரெண்டு ரெண்டரை மாசத்துல காசு காட்ட ஆரம்பிக்கும். முட்டைக்கோழி 18ல இருந்து 20 வாரத்துல முட்டை வைக்க ஆரம்பிக்கும். ஆடு சினையே அஞ்சு மாசம், குட்டி விக்கிற எடைக்கு வர இன்னும் அரை வருஷமாவது. மா ஒட்டுக்கன்று நல்ல காய்ப்புக்கு வர நாலஞ்சு வருஷம். ஆர்கானிக் முத்திரை வேணும்னா நிலம் மாறுற காலம்னு ரெண்டு மூணு வருஷம் ஓடணும், அதுவரைக்கும் செலவு ஆர்கானிக், விலை சாதா விலை. எதுவும் கெட்டது இல்ல, எது சீக்கிரம் எது லேட்டுன்னு தெரிஞ்சு கலந்து வைக்கணும்.

தண்ணியும் தீவனமும் பிளான்ல ஒரே வரியில முடிஞ்சு போச்சு, "போர் இருக்கு"ன்னு. ஒரு ஏக்கர்ங்கிறது 4,047 சதுர மீட்டர், வெயில் காலத்துல பயிர் நாளைக்கு 5 மில்லிமீட்டர் குடிக்குதுன்னு வச்சா ஒரு ஏக்கருக்கே தினம் 20,000 லிட்டர் வேணும், வீணாகுறதை சேர்க்காம. போர் மணிக்கு 2,000 லிட்டர் குடுத்தா பத்து மணி நேரம் மோட்டார் ஓடணும், அவ்வளவு நேரம் கரண்ட் வருதா, போர் தாங்குமா? கோடையில ஒரு நாள் டிரம் வச்சு அளந்து பார்க்கச் சொல்லுங்க, மழைக்காலத்துல அளந்தா அது கணக்கு இல்ல. 400 கிலோ மாடு ஒண்ணுக்கு ஈரமில்லாத எடையில நாளைக்கு 10ல இருந்து 12 கிலோ தீவனம் போகும், பசுந்தீவனத்துல பெரும்பகுதி தண்ணிதான், அதனால அதுல பசும்புல் பங்கா மட்டும் மாட்டுக்கு 25 கிலோன்னு வச்சாலும் பத்து மாட்டுக்கு தினம் 250 கிலோ, வருஷத்துக்கு 90 டன்னுக்கு மேல. அதை அதே ரெண்டு ஏக்கர்ல காய்கறியோட சேர்த்து எங்க வளர்ப்பாங்க? வெளிய வாங்குறதா இருந்தா வாங்குற கணக்கு எழுதணும், பால் உற்பத்தி செலவுல பாதிக்கு மேல தீவனம்தான்.

அடுத்தது ஒரு சின்ன சோதனை, இதை நீங்களே பண்ணலாம் சார். வரவு 100, செலவு 70, லாபம் 30ன்னு ஒரு பிளான். விளைச்சல் 20 சதவீதம் குறையுது, அதே நேரம் விலையும் 20 சதவீதம் குறையுது. வரவு 60 ஆகும்னு தோணும், சரியா சொன்னா 64, செலவு பெரும்பாலும் அப்படியே 70தான் நிக்கும், ஏன்னா விதையும் கூலியும் முன்னாடியே போட்டாச்சு. 6 நஷ்டம். இந்த மாதிரி ஒரு வருஷம் கட்டாயம் வரும்னு வச்சுக்கிட்டு பிளான் தாங்குதான்னு பாருங்க, தாங்கலைன்னா பிளானை சின்னதாக்கணும்.

விலை விஷயத்துல இன்னொண்ணு, போன வருஷம் எதுக்கு நல்ல விலையோ அதை இந்த வருஷம் எல்லாரும் போடுவாங்க, மார்க்கெட்ல கொட்டும், விலை விழும், அடுத்த வருஷம் யாரும் போட மாட்டாங்க, விலை ஏறும். பொருளாதாரத்துல இதுக்கு காப்வெப், அதாவது சிலந்தி வலைன்னு பேரே வச்சு 1930கள்லயே எழுதிட்டாங்க, ஆனாலும் எல்லா பிளான்லயும் போன வருஷ உச்ச விலைதான் உட்கார்ந்திருக்கு. நாலஞ்சு வருஷ விலையை எடுத்து, அதுல கீழ்ப்பக்கம் இருக்கிறதை வச்சு கணக்கு போடச் சொல்லுங்க. யார் வாங்குவாங்கன்னு பேர் சொல்லி ரெண்டு மூணு பேராவது இருக்கணும், "மார்க்கெட்ல குடுத்துடுவேன்"ங்கிறது பதில் இல்ல.

செலவுப் பட்டியல்ல விட்டுப்போன ரெண்டு: பொண்ணோட சொந்த உழைப்பு, உங்க வீட்டம்மாவோட உழைப்பு. காலையில நாலரை மணிக்கு எழுந்து கறக்கிறதுக்கு கூலி போடாம லாபம்னு சொன்னா அது லாபம் இல்ல, வாங்காத சம்பளம். அப்புறம் மோட்டார், கொட்டகை, கறவை மெஷின் எல்லாம் தேயும், ஏழெட்டு வருஷத்துல மாத்தணும், அதுக்கு வருஷா வருஷம் ஒதுக்கணும். கடன் வாங்குறதா இருந்தா வட்டியை மட்டும் பார்க்காதீங்க, தவணை எந்த மாசம் ஆரம்பிக்குதுன்னு பாருங்க, பத்து வருஷம் நிக்கிற கொட்டகைக்கு ஒரு வருஷக் கடன் வாங்குறது தற்கொலை மாதிரி.

சரி, இப்ப பொண்ணோட படிப்பு, வேலை விஷயம். டிகிரியை முடிக்கட்டும், அதுல பேரமே கிடையாது. முடிச்சதும் உடனே மாடு வாங்க வேணாம், ஓடிக்கிட்டிருக்கிற ஒரு பால் பண்ணையில ஒரு முழு வருஷம் வேலைக்கு போகட்டும், பார்வையாளரா போறது இல்ல, சம்பளத்துக்கு. ஏன் முழு வருஷம்னா நல்ல மாசத்தை மட்டும் பார்த்துட்டு வரக்கூடாது, மடிநோய் வர்ற நாள், கூலி ஆள் வராத நாள், பால் திருப்பி அனுப்புற நாள் எல்லாம் பார்க்கணும். அந்த ஒரு வருஷத்துல ரெண்டு ஏக்கர்ல மண் சோதனை பண்ணி தீவனப்புல் போட்டு வைக்கலாம், அதுக்கு பெருசா காசு ஆகாது. வேலை பார்த்துட்டு வந்தும் இதேதான் வேணும்னா அது வீம்பு இல்ல, அப்ப நீங்க குறுக்க நிக்காதீங்க. ஒருவேளை மாட்டுக்கு பின்னாடி ஓடுறது ஒத்து வரலை ஆனா இந்த துறை பிடிச்சிருக்குன்னா வழி நிறைய இருக்கு, தீவன கம்பெனி, உணவு பதப்படுத்துற தொழில், வங்கியில விவசாயக் கடன் பிரிவு, இங்கெல்லாம் பண்ணையில நின்னு வேலை பார்த்த ஆளுக்கு மதிப்பு தனி.

கடைசியா உங்க பக்கம், கோவிச்சுக்காதீங்க. நிலம் உங்க பேர்ல இருக்கு, பணமும் பாதி உங்களோடது, ஆனா யார் முடிவெடுக்கிறதுன்னு எங்கயும் பேசிக்கலை. தினமும் கொட்டகைக்கு வந்து "நான் அப்பவே சொன்னேன்"னு நின்னீங்கன்னா எந்த பிளானும் நிக்காது. உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுங்க: நிலம் எத்தனை வருஷத்துக்கு அவங்க கையில, நீங்க போடற பணம் கடனா சும்மாவா, திருப்பித் தரணும்னா எப்ப இருந்து, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு காட்டுவாங்களா. இன்னொரு வரியும் கட்டாயம் வேணும், எந்த இடத்துல நிறுத்துறதுன்னு. "போட்ட ரொக்கத்துல பாதி போயிடுச்சுன்னா" இல்ல "ரெண்டாவது வருஷக் கடைசியிலயும் மாசச் செலவுக்கே வரவு பத்தலைன்னா" மாட்டை வித்துட்டு வேலைக்கு போறேன்னு இப்பவே, மனசு தெளிவா இருக்கும்போதே எழுதி வைக்கட்டும், நஷ்டத்துல நிக்கும்போது யாரும் அந்த கோட்டை போட மாட்டாங்க. அந்த தாள்ல பொண்ணு, நீங்க, உங்க வீட்டம்மா மூணு பேரும் கையெழுத்து போடுங்க. 24 கட்டத்தையும் நிரப்பிட்டு ரெண்டு தாளையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்க, சிவப்பு வட்டம் எங்க விழுதுன்னு பார்த்துட்டு மாடு நாலா ஆறான்னு அப்ப பேசலாம்.