இன்ஜின் மாற்றிய பழைய அம்பாசடரில் இக்னிஷன் ஒயரிங்கை எப்படிச் சுருக்குவது?
1489 சிசி இன்ஜினை இறக்கிவிட்டு இசுஸு 1.8 பெட்ரோல் வைத்தாயிற்று, இரண்டு வண்டி ஒயரும் பின்னிக் கிடக்கிறது, எதை வெட்டலாம் என்கிறீர்கள். சரி, டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுப்பது) வைத்த இன்ஜினுக்கு அடிப்படையில் வேண்டியது இக்னிஷன் காயில் பிளஸ்ஸில் கரன்ட், மைனஸிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு ஒயர், அவ்வளவுதான். அந்தக் கரன்ட்டைத் தேய்ந்துபோன சாவி சுவிட்ச் வழியாக இழுக்காமல் ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இணைக்கும் சுவிட்ச்) போடுங்கள், அதன் டெர்மினல் எண்படி: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30, காயிலுக்கு 87, சாவிக்கு 86, எர்த்துக்கு 85.

பாயின்ட் (காயில் கரன்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் காயிலை மீட்டரில் பாருங்கள். 3 ஓம் காட்டினால் நேரடி 12 வோல்ட், 1.5 ஓம் பக்கம் இருந்தால் காயிலுக்குப் போகும் கரன்ட்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் கட்டாயம், இல்லாவிட்டால் பாயின்ட் கருகிவிடும்.

என் வண்டி செல்ஃப் சுற்றும்போது பிடிக்காது, சாவியை விட்ட நொடியில் பிடிக்கும். 86-க்கு எடுத்த ஒயரில் ஸ்டார்ட் நிலையில் கரன்ட்டே இல்லை, அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.