ரிலீஸ் கேட்டால் டீபக் வருகிறது: விண்டோஸில் சிமேக் படுத்தும் பாடு

கேள்வி: உபுண்டுவில் சிமேக் (பில்டு ஃபைல்களை எழுதித் தரும் கருவி), நிஞ்சா (அதை வைத்து பில்டை ஓட்டும் கருவி) வைத்து ஒழுங்காக பில்டு ஆகும் என் சி பிளஸ் பிளஸ் ப்ராஜெக்ட், விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோவுக்குப் போனதும் ரிலீஸ் (வெளியிடுவதற்கான பில்டு) என்று கொடுத்தாலும் டீபக்காகவே (debug, பிழை தேடுவதற்கான பில்டு) வருகிறது. போதாததற்கு, என் ஷேர்டு லைப்ரரியின் லிப் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி) 1104 எரர். ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் தனித்தனி சிமேக் ஃபைல் எழுதணுமா?

பதில்: வேண்டவே வேண்டாம், ஆறு மாதத்தில் இரண்டும் வேறு வேறு ப்ராஜெக்ட் ஆகிவிடும்.

முதல் பிரச்சினை சின்னது. நிஞ்சாவில் கான்ஃபிகர் செய்யும்போதே பில்டு டைப் முடிவாகிவிடும். விஷுவல் ஸ்டுடியோ ஜெனரேட்டர் (சிமேக்கில் அந்தக் கருவிக்கான பில்டு ஃபைல்களை எழுதும் பகுதி) டீபக், ரிலீஸ் எல்லாவற்றையும் ஒரே ப்ராஜெக்டில் வைத்துக்கொள்ளும், அதனால் நீங்கள் கொடுத்த பில்டு டைப்பை அது கண்டுகொள்ளாது. பில்டு கமாண்டில் கான்ஃபிக் ரிலீஸ் என்று சேருங்கள். மேக்கில் எக்ஸ்கோடு ஜெனரேட்டருக்கும் இதே கதைதான்.

லிப் ஃபைல் விஷயம்தான் உண்மையான சிக்கல். லினக்ஸில் ஷேர்டு லைப்ரரி எழுதினால், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் எல்லா ஃபங்ஷனும் வெளியே தெரியும். விண்டோஸில் இதை வெளியே காட்டு என்று சொன்னால்தான் காட்டும். நீங்கள் எதையுமே எக்ஸ்போர்ட் செய்யவில்லை, அதனால் டிஎல்எல் (விண்டோஸின் ஷேர்டு லைப்ரரி ஃபைல்) உருவாகும், ஆனால் அதோடு வரவேண்டிய லிப் உருவாகாது, லிங்கர் இல்லாத ஃபைலைத் தேடிவிட்டு உங்கள் மேல் பழி போடும். அவசரத்துக்கு அந்த டார்கெட்டில் விண்டோஸ் எக்ஸ்போர்ட் ஆல் சிம்பல்ஸ் என்ற ப்ராபர்ட்டியை ஆன் செய்யலாம். ஃபங்ஷன்களுக்கு அது போதும், குளோபல் வேரியபிள்களுக்குப் போதாது. நிரந்தரமாக வேண்டுமென்றால் ஜெனரேட் எக்ஸ்போர்ட் ஹெடர் மாட்யூல் தரும் மேக்ரோவை வெளியே தெரியவேண்டிய கிளாஸ்கள்மேல் போடுங்கள். அப்புறம் விசிபிலிட்டி ப்ரீசெட்டை ஹிடன் என்று வையுங்கள், லினக்ஸிலும் சொன்னால்தான் வெளியே தெரியும். இனி ஒரு மேக்ரோவை மறந்தால் உபுண்டுவிலேயே லிங்க் உடையும், விண்டோஸ் பக்கம் போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

லிங்க் ஆனபின் ஓடும்போது டிஎல்எல் கிடைக்கவில்லை என்று வந்தால் பயப்படாதீர்கள். விண்டோஸில் ஆர்பாத் (லைப்ரரியை எங்கே தேடுவது என்று எக்ஸிக்யூட்டபிளுக்குள்ளேயே எழுதிவைப்பது) கிடையாது. எக்ஸிக்யூட்டபிளும் டிஎல்எல்லும் ஒரே ஃபோல்டரில் விழும்படி ரன்டைம் அவுட்புட் டைரக்டரியை அமையுங்கள், சரியாகிவிடும்.

இன்னொன்று: ஜிசிசி கம்பைலரின் டபிள்யூ ஆல் என்ற வார்னிங் ஃப்ளாகை அப்படியே விஷுவல் ஸ்டுடியோவுக்குக் கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அங்கே அது இருக்கிற வார்னிங் எல்லாவற்றையும் கொட்டும், டபிள்யூ 4 போதும். இந்த மாதிரி ஓஎஸ்ஸுக்கு ஓஎஸ் மாறுகிற செட்டிங்குகளை சிமேக் ப்ரீசெட்ஸ் ஃபைலில் தள்ளிவிடலாம், சிமேக் 3.19 முதல் இருக்கிறது.